மேட்டுப்பட்டியில் ஒரு கவசம்

பதினோரு வயதில் எனக்கு ஒரு கவசம் தேவைப்பட்டது. பட்டுப்பாவாடையோ சைக்கிளோ கேட்டிருந்தால் வீட்டில் யாராவது காது கொடுத்திருப்பார்கள். நான் கேட்டது மார்பையும் முதுகையும் மூடி, தோளில் கொக்கி போட்டு மாட்டுகிற, பளபளவென்று தேய்த்த இரும்புக் கவசம். அதோடு ஒரு வாள். அதுவும் ஏதோ ஒரு வாள் இல்லை. முதல் தரமான வாள்.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் மாமா. அம்மாவின் தம்பி. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் இருந்தவர், வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து, மாவுக்கட்டோடு திருவானைக்காவலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அம்மாதான் போய் அழைத்து வந்தாள். முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்த நேரம். கரூரிலிருந்து பெரியம்மா மகனும் வந்திருந்தான். அவனும் என் அண்ணனும் ஒரே வகுப்பு. என்னைவிட மூன்று வயது பெரியவர்கள் என்பதை இருவரும் சட்டையில் குத்திய பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு அலைந்தார்கள்.

கட்டிலில் காலை நீட்டிப் போட்டுக் கிடந்த மாமாவுக்கு டிவி அலுத்தது, போன் அலுத்தது, அம்மா வைத்துக்கொடுத்த எலும்பு சூப்பும் அலுத்தது. ஒருநாள் மத்தியானம் தன் பையிலிருந்து சின்னத் துணிப்பை ஒன்றை எடுத்துத் தலையணைமேல் கவிழ்த்தார். பகடைகள். தாயக்கட்டை மாதிரி நான்கு பக்கத்தோடு நிற்பவை அல்ல. எட்டு முகம், பன்னிரண்டு முகம், கோலிக்குண்டு போல உருண்டு ஓடுகிற இருபது முகம். பலகை கிடையாது, காய் கிடையாது. மாமா ஓர் ஊரைச் சொல்வார், காட்டைச் சொல்வார், எதிரே யார் நிற்கிறார்கள் என்று சொல்வார். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். வழியில் எதிர்ப்படுகிற அத்தனை பேருக்கும், ராஜாவிலிருந்து பிச்சைக்காரன் வரைக்கும், மாமாதான் குரல்.

அண்ணன் மந்திரவாதி ஆனான். பெரியம்மா மகன் பூட்டுத் திறக்கத் தெரிந்த திருடன் ஆனான். நான் வாள்வீரி என்றேன். "நீ வைத்தியச்சியா இரேன், காயம்பட்டா மருந்து போட ஆள் வேணும்ல" என்றான் அண்ணன். முடியாது என்றேன். மாமா சிரித்துக்கொண்டே எனக்குக் கிழிந்த தோல் சட்டை ஒன்றையும் துருப்பிடித்த வாள் ஒன்றையும் கொடுத்தார். ஆரம்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தானாம்.

அந்தத் தோல் சட்டையோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஓநாய் பாய்ந்தால் என் மேல். அம்பு வந்தால் என் மேல். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து எது வந்தாலும் முன்னால் நிற்பவள் நான். அண்ணனுக்கென்ன, பின்னால் நின்று விரலை ஆட்டினால் போதும். கடைசியில் ஒரு குகையில் கொள்ளைக் கூட்டத்தை ஒழித்து, அவர்கள் புதைத்து வைத்திருந்த பொன்னை மூட்டை கட்டினோம். அடுத்தது மலையுச்சியில் இருக்கும் தீ உமிழும் நாகம். தோல் சட்டையோடு அதன் முன்னால் போய் நிற்பதாக எனக்கு உத்தேசமில்லை.

குகைக்குப் பக்கத்து ஊரின் பெயர் மேட்டுப்பட்டி. மாமா வைத்த பெயர்தான். கொஞ்சம் கூரை வீடுகள், ஒரு கிணறு, ஒரு கொல்லன் பட்டறை. நான் நேராகப் பட்டறைக்குப் போய் முதல் தரக் கவசமும் வாளும் வேண்டும் என்றேன். மாமா தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு கொல்லர் ஆனார். மண்வெட்டி இருக்கிறது, அரிவாள் இருக்கிறது, மாட்டுக்கு லாடம் இருக்கிறது. வாள்தான் வேண்டுமென்றால் சுமாராக ஒன்று அடித்துத் தரலாம். முதல் தரமெல்லாம் தலைநகரத்தில்தான்.

பிறகு சொந்தக் குரலுக்கு வந்து விளக்கினார். "ஊர் எவ்வளவு பெரிசோ கடையும் அவ்வளவுதான் பாப்பா. இந்த விளையாட்டோட ரூல் அது."

தலைநகரம் மலைக்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில் இருந்தது. பையன்கள் இருவரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டார்கள். அதில் ஆச்சரியமில்லை. நல்லது எதுவும் அடுத்த ஊரில்தான் இருக்கும் என்பது எங்கள் வீட்டின் அரிச்சுவடி. காய்கறிக்குத் திருவானைக்காவல் போதும். தீபாவளித் துணிக்கு ஆற்றைத் தாண்டி மலைக்கோட்டைப் பக்கம் போக வேண்டும். கல்யாணப் பட்டுக்குக் காஞ்சிபுரம். பெரிய டாக்டருக்கும் பெரிய படிப்புக்கும் பெரிய சம்பளத்துக்கும் சென்னை. சென்னையில் இருப்பவர்கள் நல்லதுக்கு எங்கே போவார்கள் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் அமெரிக்கா என்றார்.

எனக்கு மட்டும் அது தொண்டைக்குள் இறங்கவில்லை.

"ஏன் மாமா, சின்ன ஊர்ல நல்ல கொல்லன் இருக்கக் கூடாதா?"

"இருக்க மாட்டான். வேலை நல்லாத் தெரிஞ்சவன் மேட்டுப்பட்டியில எதுக்கு உக்காந்திருக்கப் போறான்? எப்பவோ கெளம்பிப் போயிருப்பான். இங்கயே கெடக்கறான்னா அவன்கிட்ட ஏதோ கோளாறுன்னு அர்த்தம்."

"நீங்க சொல்றது தப்பு."

"ரூல்மா அது."

"அப்ப ரூல் தப்பு."

மறுநாள் ஆட்டம் தொடங்கியதும் பையன்கள் மலைப்பாதையில் கிளம்பினார்கள். என் வாள்வீரி கிளம்பவில்லை. பட்டறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கவசம் செய்துகொடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள் என்று அறிவித்தேன். அண்ணன் கெஞ்சினான், பிறகு மிரட்டினான், பிறகு அம்மாவிடம் போய்ச் சொன்னான். அம்மா துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். யார் எந்த ஊரில் உட்கார்ந்தாலும் சாப்பிட மட்டும் நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

கோபித்துக்கொள்ளாதவர் மாமா ஒருவர்தான். மழை பெய்கிறது என்பார், நனைகிறேன் என்பேன். இருட்டிவிட்டது, பட்டறையைச் சாத்துகிறார்கள் என்பார். வாசலிலேயே படுத்துக்கொள்கிறேன் என்பேன். கொல்லர் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க தாயி, வேற ஊர் பாருங்க" என்பார். வேறு ஊர் பார்ப்பதாக இல்லை என்பேன். நாகத்தைப் பற்றிச் சொல்லும்போது இல்லாத உயிர், கொல்லனுக்குப் பேசும்போது மாமாவின் குரலில் வந்தது. என்னை விரட்டுவதற்கு அவர் தினம் ஒரு காரணம் கண்டுபிடித்தார். இரும்பு நல்லதாக இல்லை. உலைக்குக் கரி இல்லை. மேட்டுப்பட்டிக்காரன் அடித்த கவசத்தைப் போட்டுக்கொண்டு போனால் நாகமே சிரிக்கும்.

பையன்கள் பொறுமையிழந்து நான் இல்லாமலே மலையேறினார்கள். முதல் திருப்பத்திலேயே ஓநாய்கள் சூழ்ந்துகொண்டன. முன்னால் நின்று கடி வாங்க ஆள் இல்லை. திருடன் மந்திரவாதியை முதுகில் சுமந்துகொண்டு மேட்டுப்பட்டிக்குத் திரும்பி வந்தான். நான் பட்டறை வாசலில் சற்று நகர்ந்து உட்கார்ந்து, இருவருக்கும் இடம் கொடுத்தேன்.

இதற்குள் மாமாவுக்கு மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். முதலில் கைத்தடியோடு நடந்தார், அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்பா தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர். வீட்டில் இருக்கும் நேரம் குறைவு, பேசுகிற பேச்சும் குறைவு. ஒருநாள் சாப்பிடும்போது மாமாவிடம், "ஆபீஸ்ல எப்ப வரச் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க அத்தான்" என்றார் மாமா.

நல்ல கம்பெனி என்றார் அப்பா. அம்மா அவசரமாக அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

மாமாவை வாயால் ஜெயிக்க முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கதை சொல்கிறவர். எதை வேண்டுமானாலும் இல்லை என்று சொல்லிவிட முடியும். இல்லை என்று அவரால் சொல்ல முடியாத ஒன்றை நான் கொண்டு வர வேண்டியிருந்தது. அப்போதுதான் ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் போகும் தெருவில் பார்த்த கடை ஞாபகம் வந்தது. கண்ணாடி அலமாரிக்குள் கவசங்கள் வரிசையாகத் தொங்கிய கடை. பெரியம்மா மகனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. ஆனால் ஆட்டம் எப்படியாவது நகர்ந்தால் போதும் என்ற நிலைமைக்கு அவன் வந்திருந்தான். அண்ணன் டியூஷன் போயிருந்தான். அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தாள். இருவரும் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

அது சாமி சாமான்கள் விற்கிற கடை. வாசலில் மணிகள், தூபக்கால்கள். உள்ளே போனால் வேல், சூலம், கதாயுதம், கருப்பசாமிக்குக் கொடுக்கிற ஆளுயர அரிவாள். மாமாவின் தலைநகரத்தில்கூட இத்தனை ஆயுதங்கள் ஒரே இடத்தில் இருந்திருக்க மாட்டா. அலமாரியில் வெள்ளியிலும் பித்தளையிலும் கவசங்கள். மார்புக்குத் தனி, கைக்குத் தனி, பாதத்துக்குத் தனி. விளிம்பு முழுவதும் கொடியும் பூவுமாக வேலைப்பாடு. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் தரையில் உட்கார்ந்து குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைக்குச் சொந்தக்காரர் அவர்தான் என்பது உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது.

"என்ன பாப்பா வேணும்?"

"கவசம்."

"எந்தச் சாமிக்கு?"

"எனக்கு."

துடைத்த கை நின்றது. கண்ணாடிக்கு மேலாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெரியம்மா மகன் மெல்லப் படியிறங்கிப் போய், பக்கத்துக் கடையில் சாவிக்கொத்து பார்ப்பவன்போல நின்றுகொண்டான்.

"நீ எந்த ஊர்ச் சாமி?"

"திருவானைக்காவல்."

"அங்கதான் ஏற்கெனவே ஒரு அம்மன் இருக்காளே" என்றார், சிரிக்காமல்.

நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். மேட்டுப்பட்டி, நாகம், கொல்லர், ரூல். அவருக்குப் பாதி புரிந்திருக்காது. விளக்கைத் துடைத்துக்கொண்டே "ம்" கொட்டினார். கடைசியாக நான் வந்த காரியத்தைக் கேட்டேன். இதெல்லாம் சென்னையிலிருந்துதானே வருகிறது?

அதுவரை வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குச் சுருக்கென்றது. "சென்னையிலேர்ந்து எதுக்குடி வரணும்? பின்னால தட்டற சத்தம் உன் காதுல விழலையா? எல்லாம் இங்க செய்யறது. சென்னைக்காரங்கதான் கார் எடுத்துக்கிட்டு இங்க வந்து நிக்கறாங்க."

"சின்ன ஊர்ல நல்லாச் செய்யற ஆள் இருக்க மாட்டாங்கன்னு எங்க மாமா சொல்றாரு."

"உங்க மாமாவை இங்க வரச் சொல்லு. நான் பேசிக்கறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக அந்த அம்மாளின் காலில் விழுந்திருப்பேன். ஆனால் மாமா நம்ப வேண்டுமே. ஒரு கவசத்தைப் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். சாமிக்குச் செய்ததை மனுஷர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, எழுந்து வந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். சிலைக்குக் கவசம் செய்யக் கொடுப்பவர்கள் இப்படித்தான் நூலில் அளவெடுத்து வருவார்களாம்.

"ஆடாம நில்லு. சாமின்னா ஆடாது."

நான் ஆடவில்லை. தோளிலிருந்து இடுப்புக்கு ஓர் அளவு, ஒரு முடிச்சு. மார்பைச் சுற்றி ஓர் அளவு, ஒரு முடிச்சு. கழுத்துக்கு ஒன்று. நூலை வெட்டிச் சுருட்டி என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, இது உன் அளவு. செய்யறதுன்னா இதுக்குச் செய்யலாம்." தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

வெற்றியோடு திரும்பி வந்தால் வீட்டு வாசலில் அக்கம்பக்கம் அத்தனையும் நின்றது. அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. எங்களைத் தேடி மாமா தெருத்தெருவாக ஓடிக்கொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, தெருக்கோடியில் செருப்பில்லாமல் ஓடி வருகிற மாமாவை, எங்களுக்கு முன்பாகவே பார்த்திருக்கிறார்.

பெரியம்மா மகன் யாரும் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டினான். "கவசம் வாங்கப் போனோம் சித்தப்பா. இவதான் கூட்டிட்டுப் போனா."

உள்ளே வந்ததும் அப்பா என்னைத் திட்டவில்லை. மூச்சு வாங்கி நின்ற மாமாவைத்தான் பார்த்தார். குரலையும் உயர்த்தவில்லை.

"கால் நல்லாத்தான் இருக்கு போல. ஓட முடியுது. பிள்ளைங்களோட உக்காந்து பகடை உருட்ட முடியுது. ஆபீஸ் போக மட்டும் முடியலையா?"

அம்மா "விடுங்க" என்றாள். அப்பா விடவில்லை. சோம்பேறித்தனத்துக்கு என் வீட்டுக் கட்டில்தான் கிடைத்ததா என்று கேட்டார். எனக்குக் கொல்லனின் பட்டறை வாசலில் வந்த அதே கோபம் வந்தது. இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"மாமாவைச் சொல்லாதீங்கப்பா. போனது நான். அவரு கிடைக்காதுன்னுதான் சொன்னாரு, நான்தான் கேக்கலை. இன்னமும் கேக்க மாட்டேன்."

அப்பா கையை ஓங்கினார். நான் கண்ணை மூடவில்லை. மூடியிருந்தால் அடி விழுந்திருக்கும் என்று இன்றுவரை நம்புகிறேன். ஓங்கிய கை அப்படியே நின்று, பிறகு நீண்டது. "அந்தப் பகடையை எடுத்துட்டு வா." அண்ணன் கொண்டுவந்து கொடுத்தான். அப்பா துணிப்பையைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பையன்கள் மொட்டை மாடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, ஆட்டம் ஆடலாம்."

"பகடை இல்லையேம்மா."

"கவசம் வாங்கறதுக்குப் பகடை எதுக்கு?"

நூலை எடுத்து அவர் கையில் வைத்தேன். கடையைப் பற்றியும், பின்னால் கேட்ட சத்தத்தைப் பற்றியும், அந்த அம்மாள் சொன்னதைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னேன். மாமா திரும்பிப் படுத்தார். நூலின் முடிச்சுகளை விரலால் தடவிக்கொண்டே கேட்டார். கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று சொன்ன இடத்தில் மட்டும், "கார் எடுத்துக்கிட்டா?" என்று திருப்பிக் கேட்டார். பேச்சுச் சத்தம் கேட்டுப் பையன்களும் கீழே வந்து நின்றார்கள்.

மாமா எழுந்து உட்கார்ந்தார். கொல்லன் பேசினான். ஆனால் இந்தத் தடவை தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொள்ளவில்லை.

"சரி தாயி. செஞ்சு தரேன். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. நான் அவ்வளவு நல்ல கொல்லன்னா, இந்த மேட்டுப்பட்டியில என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்? தலைநகரத்துல ஏன் என்னை வச்சுக்கலை?"

இது ஏதோ விடுகதை என்று பையன்கள் நினைத்தார்கள். சாபம் என்று சொல்லு, சாபம் என்று சொல்லு என்று அண்ணன் என் முதுகில் குத்தினான். எனக்கு விடுகதையாகத் தெரியவில்லை. இத்தனை நாள் நனைந்து, ஓநாய்க்குப் பயந்தவர்களைத் தேற்றி, பஸ் ஏறி, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தால் இந்த ஆள் இன்னும் கேள்வி கேட்கிறானே என்றுதான் இருந்தது.

"அவங்களுக்குக் கண்ணு தெரியலை. அதுக்கு நீங்க எதுக்கு மண்வெட்டி அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? தலைநகரத்துக்காரன் வந்து சொன்னாத்தான் நீங்க நல்ல கொல்லரா? பட்டறை இருக்கு. இரும்பு இருக்கு. அளவு இந்தா இருக்கு. வேலையைப் பாருங்க!"

மாமா சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுத்ததும் உலையை மூட்டினார்.

கவசம் செய்ததை அவர் சொன்ன மாதிரி வேறு எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கொல்லர் தன் வீட்டுப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்த இரும்பை எடுத்தார். தட்டத் தட்ட மேட்டுப்பட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். இந்த ஆளுக்கு இது தெரியுமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். தோளுக்குக் கொக்கி, விளிம்புக்குக் கொடியும் பூவும். வாளைக் கடைசியாகத் தண்ணீரில் முக்கியபோது மாமா வாயால் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கொடுத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூட்டைப் பொன்னையும் கொல்லர் முன் கொட்டினேன். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை அவர்.

நாகத்தைக் கொல்லப் பையன்கள் பகடைக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகளை உரசி வைத்துக்கொண்டு வந்தார்கள். தீ என் கவசத்தில் பட்டு வழிந்து ஓடியது. அண்ணன் விரலை ஆட்டினான், திருடன் பின்னாலிருந்து வாலை வெட்டினான், என் வாள் அதன் தொண்டையில் இறங்கியது. நாங்கள் போட்ட கூச்சலில் அப்பா வந்து வாசலில் நின்றதை முதலில் யாரும் கவனிக்கவில்லை. தரையில் கிடந்த புளியங்கொட்டைகளைப் பார்த்தார். அப்படியே குளிக்கப் போய்விட்டார்.

கதை முடிந்துவிட்டது. அடுத்த கதையைச் சொல்லச் சொல்லி நச்சரித்தோம். சொல்கிறேன் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அந்த வாரத்திலேயே மாமா பெட்டியைக் கட்டிவிட்டார். ஆபீஸில் கூப்பிட்டுவிட்டார்கள் என்றார். அப்பா அவர் தோளைத் தட்டி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அது அப்பாவின் மன்னிப்பு. அதற்கு மேல் அவருக்கு வராது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அம்மாவும் நானும் அண்ணனும் போனோம். சென்னை பஸ்ஸுக்கு மத்தியப் பேருந்து நிலையம் போக வேண்டும். அதுவரைக்கும் நீங்கள் அலைய வேண்டாம், நான் போய்க்கொள்கிறேன் என்று மாமா சொல்லிவிட்டார். அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவர் பையில் திணித்தாள். மாமா என் தலையில் கை வைத்து, "வரேன் தாயி" என்றார். எங்களைத் திருவானைக்காவல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கூட்டத்துக்குள் நடந்தார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா டவுன் பஸ் நிற்கிற பக்கம் போகவில்லை. நாமக்கல் போர்டு போட்ட பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

"அம்மா, மாமா நாமக்கல் பஸ்ல ஏறிட்டாரு!"

அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. "சரி, நீ கையை உள்ள வை" என்றாள்.

நான் வளர்ந்து, வேலைக்குப் போய், சென்னையிலிருந்து வந்த அழைப்பை வேண்டாம் என்று சொன்ன நாளில்தான் அம்மா இதைப் பேசினாள். வண்டியிலிருந்து விழுவதற்கு முன்பே மாமாவுக்கு வேலை போயிருந்ததாம். போன இடத்திலெல்லாம் எந்த ஊர்க் காலேஜ் என்று கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். கால் முறிந்தது அவருக்கு ஒரு வகையில் சௌகரியமாகப் போயிற்று. ஏன் வீட்டில் இருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் முதல் நாளே தெரியும். கூடப் படித்த நண்பன் ஒருவன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்துகொடுக்கச் சின்னதாக ஓர் அறை எடுத்து, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். நாமக்கல்லில் போய் உட்கார்ந்தால் தோற்றவன் என்பார்கள் என்று மாமா போகாமல் இருந்திருக்கிறார். கவசத்தை விற்றால் நாகம் சாகும், நாகம் செத்தால் கதை முடியும், கதை முடிந்தால் கட்டிலை விட்டு இறங்கி எங்கேயாவது போயாக வேண்டும் என்பது, அந்த வீட்டில் எனக்கு மட்டுமல்ல, அண்ணனுக்கும் தெரியாது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மாமா பஸ் மாறி ஏறிவிட்டார், அம்மா கவனிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இன்னொரு முறை கத்தலாமா என்று பார்த்தேன். அதற்குள் எங்கள் பஸ் நகர்ந்துவிட்டது. பாலத்தில் ஏறியதும் அண்ணன் ஜன்னல் சீட்டைக் கேட்டான். தர முடியாது என்றேன். காவிரியில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். சென்னைக்கு நாமக்கல் வழியாகவும் ஒரு வழி இருக்கும், எத்தனை காடு மலைக்கு வழி சொன்னவர் மாமா, அவருக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்க உட்கார்ந்திருந்தேன்.